விதைக் கடுகு

லாண்டரியில் நனைந்த விரிப்பு இஸ்திரி ரோலருக்குள் போய் ஆவி பறக்க வெளியே வரும்போது அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. முதலில் எட்டி நின்று ஒரு உதறு உதறுவார்கள். பிறகு முனையோடு முனை சேர்த்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்து நடந்து வருவார்கள். நெஞ்சோடு நெஞ்சு இடிக்கிற தூரத்தில் ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மூன்று நடையில் ஒரு விரிப்பு முடிந்துவிடும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. நெட்டையும் சங்கும் பதினோரு வருஷமாக அப்படி நடந்தவர்கள். கட்டின புருஷன் முகத்தைக்கூட நெட்டை இத்தனை கிட்டத்தில் இத்தனை தடவை பார்த்திருக்க மாட்டாள் என்று லாண்டரியில் கேலி பேசுவார்கள்.

நெட்டை பேருக்கேற்ற நெட்டை. ரோலரின் மேல் கம்பியில் துணி சிக்கினால் ஸ்டூல் போடாமல் எடுக்கிறவள் அவள் ஒருத்திதான். சங்கு அவள் தோளுக்குத்தான் வருவாள். ஆனால் அவள் வாயைத் திறந்தால், நாலு சலவை மெஷின் ஓடுகிற சத்தத்தையும் தாண்டி, கேட்டில் காவலுக்கு இருக்கிற அம்மாள் திரும்பிப் பார்ப்பாள். மடிக்கும்போது ஒருத்தி குனிய வேண்டும், ஒருத்தி எம்ப வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்தாலும் அந்த ஜோடி மடித்த விரிப்பில் ஓரம் ஒரு விரற்கடை பிசகாது. ஆஸ்பத்திரி விரிப்பு, பெரிய ஓட்டல் விரிப்பு எல்லாம் அவர்கள் மேஜைக்குத்தான் வரும்.

அந்த நெட்டை எட்டு மாதம் லீவில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஓரம் பிசக ஆரம்பித்தது.

காரணம் சங்குக்குத் தெரியும். நெட்டை அரை அடி முன்னாலேயே நின்றுவிடுகிறாள். கையை மட்டும் நீட்டி முனையைக் கொடுக்கிறாள். நீட்டின கையிலிருந்து வாங்கும்போது துணி நழுவுகிறது, ஓரம் கோணுகிறது, மறுபடி பிரித்து உதற வேண்டியிருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாயேன். கடிச்சா வெச்சிடுவேன்?" என்றாள் சங்கு முதல் வாரத்தில்.

"வந்துதானே நிக்கறேன்."

"எங்க வந்த? நடுவுல ஒரு சைக்கிள் போகும்."

இரண்டாவது வாரம் சங்கு வேறு சோப்பு வாங்கிக் குளித்துவிட்டு வந்தாள். மூன்றாவது வாரம் நேராகவே கேட்டுவிட்டாள். "எம்மேல ஏதாவது நாத்தம் அடிக்குதா? இருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

"சீச்சீ. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்கு என்னைப் பார்த்தா ஒதுங்கற? ஈரத்துணி வண்டியும் தள்ள மாட்டேங்கற. நானே முக்கி முக்கித் தள்ளணும். மகாராணி பின்னாடி வருவாங்க."

 மதியம் சாப்பிடும்போது நெட்டை தன் டப்பாவிலிருந்த அவித்த முட்டையை எடுத்து, பழைய வழக்கப்படி சங்கு பக்கம் நகர்த்தினாள். சங்கு அதைத் தொடவில்லை. தன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த முட்டையை நெட்டையாலும் சாப்பிட முடியவில்லை.

விஷயம் இதுதான். நெட்டைக்கு இடது மார்பு இல்லை. புற்றுநோய் என்று எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். முடியெல்லாம் கொட்டி இப்போதுதான் ஒரு விரல் நீளத்துக்கு முளைத்திருக்கிறது. இடது கையில் கனம் தூக்கக் கூடாது, வண்டி தள்ளக் கூடாது, மற்றபடி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லாண்டரியில் இது சூப்பர்வைசர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த அம்மாள் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினதோடு சரி. அதிகமாகப் பேசுகிற ரகமில்லை. மற்றவர்களுக்கெல்லாம் கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன், அக்கா வீட்டில் ஓய்வு என்று ஒரு கதை. முடி கொட்டினதற்கு டைபாய்டு காய்ச்சலின் மேல் பழி. பொய்யில் ஏற ஏற இறங்குகிற படி தெரியாமல் போய்விட்டது.

ஏன் மறைத்தாள் என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை உண்டு. முன்பு இதே ரோலரில் நின்ற ஒருத்தி மாரடைப்பு வந்து பிழைத்துத் திரும்பினாள். வந்த நாளிலிருந்து அவள் பெயரே 'பாவம்' என்று ஆகிவிட்டது. பாவத்துக்கிட்ட கனம் குடுக்காதீங்க. பாவம் முன்னாடி சாப்பிடட்டும். பாவம் உக்காரட்டும். எல்லாம் அன்பாகத்தான். கிழிசல் தைக்கிற மூலையில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். ஆறு மாதத்தில் அவளே வேலையை விட்டு நின்றுவிட்டாள். கிளம்புகிற அன்று நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒரு பேரு இருந்துச்சு, யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். நெட்டைக்கு நோயைவிட அந்தப் பெயரின் மேல்தான் பயம். 'பாவம்' என்று முதலில் கூப்பிட ஆரம்பித்தவள் வேறு யாருமில்லை, சங்குதான்.

வீட்டில் விஷயம் தெரிந்த ஆள் அவள் புருஷன். விதைக்கடையில் வேலை. விதை நிறுப்பது, பாக்கெட் போடுவது, மூட்டை தைப்பது எல்லாம் அவர்தான். மூட்டை வாயைத் தைக்கிற தையலில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று பிரிந்து வரும். அந்தத் தையலில் அவர் கைகாரர். மற்ற விஷயங்களில் கொஞ்சம் வெள்ளந்தி.

ஆஸ்பத்திரியில் பஞ்சு அடைத்த ஒன்றைக் கொடுத்திருந்தார்கள், உள்ளே வைத்துக்கொள்ள. பஞ்சுக்குக் கனம் ஏது? கையைத் தூக்கித் தூக்கி இறக்கினால் மதியத்துக்குள் அது கழுத்தெலும்புக்குக் கீழே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். வேலைக்குத் திரும்புவதற்கு முன்னால் வீட்டில் பழைய விரிப்பை மடித்துப் பழகிப் பார்த்தபோதே இது நடந்தது.

"ஏங்க, இது என்னங்க, என்னைவிட உசரமா வளருது?" என்றாள்.

அவர் இரண்டு நாள் யோசித்தார். "கனம் இல்ல. அதான் கோளாறு. கனம் இருந்தா அதுபாட்டுக்கு அதோட இடத்துல உக்காரும்" என்றார். அன்று சாயங்காலமே பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து உருண்டையாக ஒரு பை தைத்தார். உள்ளே என்ன போடுவது என்று ஒரு வாரம் ஆராய்ச்சி. கொத்தமல்லி விதை, நடந்தால் சத்தம் போட்டது. பீர்க்கங்காய் விதை குத்தியது. கீரை விதை தையலுக்கிடையில் ஒழுகி வழியெல்லாம் சிந்தியது. கடைசியில் கடுகு. குத்தாது, ஒழுகாது, குனிந்தால் குனிகிற பக்கம் சாயும், நிமிர்ந்தால் பழையபடி வந்து உட்காரும்.

"எவ்வளவு போடணும்?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?"

"இல்ல... இன்னொண்ணு இருக்கில்ல. அதை நிறுத்துப் பார்த்தா..." சொல்லும்போதே அவருக்குக் காது சிவந்துவிட்டது.

அவள் சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.  அவர் வெளியே காகிதமும் பென்சிலுமாக நின்றுகொண்டிருந்தார்.

"இருநூத்தி எண்பது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாக்கிங்கோடயா, இல்லாமலா?" என்று கேட்டுவிட்டார், கடை வழக்கத்தில்.

 உள்ளே அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தராசு கீழே விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது, சிரிப்பு நிற்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். வெளியே அவரும் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

கடுகிலும் அவர் சாதாரணக் கடுகு போடவில்லை. பொண்டாட்டிக்கு என்று வந்தால் மட்டமானதைப் போடுவாரா? "கடையிலயே முதல் தரம். மருந்து தடவாதது. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு முளைக்கும்னு பாக்கெட்லயே போட்டிருக்கான்."

"முளைச்சு என்னங்க ஆகப்போகுது?"

"தரம்னு ஒண்ணு இருக்கில்லம்மா."

துவைத்து மாற்ற வசதியாக இரண்டு பை தைத்துக் கொடுத்தார். நூலை இழுத்தால் கடுகைக் கொட்டிவிட்டுத் துணியை அலசிக்கொள்ளலாம். வாய் தைத்த இடத்தில் நடுவே ஒரு முடிச்சு வரும். அது உள்பக்கமாக இருக்க வேண்டும் என்று அவள் ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்து வைப்பாள். லாண்டரியில் ஆவியில் நின்று நின்று கடுகு சூடேறிவிடும். தழும்பு மேல் ஒத்தடம் வைத்த மாதிரி காந்தும். பல்லைக் கடித்துக்கொள்வாள். யார் முழங்கையாவது பட்டுவிட்டால், இடித்து நசுங்கிவிட்டால், என்ன இது கடுகு மூட்டை என்று தெரிந்துவிட்டால்? அதனால்தான் அந்த அரை அடி.

லாண்டரியில் பாய்லர் சுத்தம் பண்ண மூன்று நாள் லீவு விட்டார்கள். லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. தகரக் கூரை கொதித்தது. நாலு மணிக்கு ரோலருக்கு மேலே போகிற தண்ணீர்க் குழாய் வெடித்து, கீழே நின்ற நெட்டையும் சங்கும் தலையிலிருந்து கால்வரை நனைந்துவிட்டார்கள். சங்கு சந்தோஷத்தில் கத்தினாள். நெட்டை மாரோடு கையைக் கட்டிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். நனைந்த கடுகு கல்லாகக் கனத்தது. அவிழ்த்துவிட்டுத் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டாள். பையை என்ன செய்வது? வெளியே போகும்போது கேட்டில் எல்லோர் பையையும் திறந்து பார்ப்பார்கள், துண்டு தலையணையுறை எதுவும் போய்விடாமல் இருக்க. வேறு வழியில்லாமல் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, துணி மாற்றும் அறையிலிருந்த பெட்டியில் பழைய ஏப்ரனுக்கு அடியில் செருகினாள். ஜோடிக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு சாவி. செவ்வாய்க்கிழமை சங்கு வருவதற்கு முன்னால் வந்து எடுத்துவிடலாம் என்று கணக்கு.

அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கு சூப்பர்வைசரிடம் போய், ஜோடியை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டிருந்தாள். இது நெட்டைக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை நெட்டை அரை மணி முன்னாலேயே வந்தாள். கேட்டுக்குள் நுழையும்போதே சங்கின் குரல் கேட்டது. துணி மாற்றும் அறையில் அதற்குள்ளாகவே நிறையப் பெண்கள். நடுவில் தரையில், முறத்தின் மேல், அவளுடைய பை.

அது முளைத்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழே மூன்று நாள் வெக்கையில், கவருக்குள் ஈரத்தோடு கிடந்து, தொண்ணூற்றெட்டு சதவீதமும் முளைத்திருந்தது. துணியின் இழைக்கு இழை வெள்ளை வெள்ளையாக வேர் நீட்டி, நுனியில் மஞ்சள் மஞ்சளாக இலை விரித்துக்கொண்டு, நடுவில் முடிச்சோடு உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அறை முழுக்கக் காரமான ஒரு நெடி.

"தொடாதீங்க யாரும்! சூனியம் இது" என்றாள் சலவைப் பக்கத்துப் பெண் ஒருத்தி.

"பாய்லர்ல தூக்கிப் போட்டு எரிச்சிடுங்க."

"யாரு வெச்சதுன்னு தெரியாம எரிக்கக் கூடாது."

"யாரு வெச்சதா?" சங்கின் குரல் உடைந்திருந்தது. "சாவி ரெண்டே பேர்கிட்டதான் இருக்கு. நான் என் சாமானைக் காலி பண்ணிட்டு வேற பெட்டிக்குப் போகலாம்னு சீக்கிரமே வந்தேன். என் ஏப்ரனுக்கு அடியில இது. பதினோரு வருஷம் ஒரே பெட்டியில சோத்து டப்பா வெச்சு எடுத்திருக்கோம். ஒரு மாசமா அரை அடி தள்ளித் தள்ளி நிக்கும்போதே எனக்குத் தெரியாமப் போச்சே."

எல்லோரும் திரும்பி வாசலில் நின்ற நெட்டையைப் பார்த்தார்கள்.

நெட்டைக்கு நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக இருந்தது. "அது... எங்க வீட்டுக்காரரு கடை விதை. மறந்து வெச்சிட்டேன்."

"விதையை எவளாவது துணியில முடிஞ்சு, முடிச்சுப் போட்டு, அடுத்தவ துணிக்கு அடியில ஒளிச்சு வெப்பாளா? எம் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

நெட்டை அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தால் பரவாயில்லை. சங்கு கோபப்பட்டு அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இது வேறு. சங்கு பின்னால் நகர்ந்து பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். தன் கூட்டாளி தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்பது நெட்டைக்குப் புரிந்தது. இதற்குப் 'பாவம்' என்று கூப்பிட்டால்கூடத் தேவலை என்று தோன்றிவிட்டது.

"அது என் மாரு" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"என்னது?"

"மாருடி. இடது பக்கத்து மாரு. எனக்கு அது இல்ல. புத்துநோய்னு அறுத்து எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா இதை வெச்சுக்கறேன். உள்ள கடுகு. வெள்ளிக்கிழமை நனைஞ்சுபோச்சு. கேட்ல பையைத் திறந்து பார்ப்பாங்கன்னு இங்க வெச்சுட்டுப் போனேன்." ஒரு மூச்சு விட்டாள். "முளைச்சிடுச்சு."

 சத்தம் கேட்டு வந்திருந்த கேட் அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "முளைச்சிடுச்சா?" என்றாள், நம்பாமல். பின்னாலிருந்து ஒருத்திக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொள்வதற்குள் நெட்டையே சிரித்துவிட்டாள். அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிலர் கண்ணில் வந்தது அந்தத் தண்ணீர் இல்லை.

சங்கு மட்டும் சிரிக்கவில்லை. "போங்கடி எல்லாரும் வெளியே" என்று ஒரு அதட்டல் போட்டு, கடைசி ஆள்வரை தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அப்போ கர்ப்பப்பை?"

"இருக்கு."

"டைபாய்டு?"

"வரல."

"உங்க அக்கா வீட்டுல ரெஸ்ட் எடுத்தேன்னு சொன்னியே?"

"எனக்கு ஏதுடி அக்கா?"

"அடிப்பாவி!" சங்கு தலையில் கையை வைத்துக்கொண்டாள். "உன் கர்ப்பப்பை நல்லாகணும், ஒரு வருஷம் முட்டை தொட மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன்டி நான். இன்னும் மூணு மாசம் பாக்கி இருக்கு. தினமும் கண்ணெதிர முட்டையைக் கொண்டாந்து நீட்டற. அதைப் பார்க்க முடியாமத்தான் ஜன்னல் பக்கம் ஓடறேன். எல்லாம் நல்லா இருக்கற கர்ப்பப்பைக்கா?"

"கோவத்துல எடுத்துக்க மாட்டேங்கறேன்னு நெனைச்சேன்."

"கோவமும்தான். ரெண்டும்தான்." சங்கு மூக்கை ஏப்ரனில் துடைத்தாள். "சாமி சரியா இடம் பார்த்துச் சேர்த்திருக்கும், விடு. ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

நெட்டைக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். "நீதான் அவளுக்குப் 'பாவம்'னு பேரு வெச்ச."

  சங்கு பெட்டியின் மேல் கிடந்த தன் சாமானையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். டப்பா, சீப்பு, செருப்பு. வைத்து முடித்ததும், "நான் அன்பாத்தான்டி கூப்பிட்டேன்" என்றாள் சின்னக் குரலில். "அவளுக்குப் பிடிக்கலைன்னு எனக்குத் தோணவே இல்ல."

பிறகு, "காட்டு" என்றாள்.

நெட்டை காட்டினாள். சங்கு கிட்டே வந்து, ஆஸ்பத்திரி விரிப்பில் கறை தேடுகிற அதே கண்ணோடு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள்.

"யாரு தச்சது?"

"பெரிய டாக்டர்."

"நல்ல கை. ஓரம் ஒரு இடத்துலகூடச் சுருங்கல." விரலை நீட்டினவள் தொடாமல் நிறுத்திக்கொண்டாள். "வலிக்குதா?"

"மரத்த மாதிரி இருக்கும். அப்பப்ப இழுக்கும். கடுகு சூடாயிட்டா எரியும்."

"எரியுதுன்னா எதுக்குடி கட்டிட்டு அழுவற? இந்த ஆவிக்குள்ள யாருக்கு அழகு காட்டப் போற, அந்த ரோலருக்கா? இப்ப வெச்சிருக்கறதையும் கழட்டு, அதுவும் முளைச்சித் தொலைக்கப் போகுது."

 நெட்டை கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். ஜாக்கெட் ஒரு பக்கம் தொளதொளவென்று தொங்கியது. அதன் மேல் ஏப்ரனை இழுத்துக் கட்டினாள். கட்டின பிறகும் தெரிந்தது. தெரிந்தபடியே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கூடத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சிலர் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.  அவளுக்கு ஒரு மாதமாக வராத மூச்சு இப்போது நன்றாக வந்தது.

தலையணையுறை மடிக்கிற பெண் ஓடிப்போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தாள். "உக்காருங்கக்கா, பாவம்..."

சங்கு திரும்பினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நெட்டை முந்திக்கொண்டாள்.

"பாவம் இல்லம்மா. நான் பொழச்சவ. அப்படிக் கூப்பிடறதுன்னா கூப்பிடு, நல்லாத்தான் இருக்கும். நாற்காலி வேண்டாம்."

"நெட்டைன்னே கூப்பிடு. எல்லாத்தையும்விடச் சின்னதா அதான் இருக்கு" என்றாள் சங்கு. "அப்புறம் எல்லாரும் கேட்டுக்கோங்க. இவ இடது கையில கனம் தூக்கக் கூடாது. வண்டியை நான் தள்ளுவேன். அதுக்குப் பதிலா இவ கம்பியில சிக்கற துணியை எடுப்பா, நான் எம்பி எம்பிச் சாக வேண்டாம். அவ்வளவுதான். மெஷினைப் போடுங்க."

முதல் விரிப்பு ஆவியோடு வந்தது. உதறினார்கள். முனையைச் சேர்த்துக்கொண்டு நெட்டை நடந்தாள். பழக்கத்தில் அரை அடி முன்னால் கால் நின்றது.

"வா" என்றாள் சங்கு.

நெட்டை வந்தாள். வயிறு இடித்தது. முனைகள் கையோடு கை மாறின. சங்கு அவளை அண்ணாந்து பார்த்து, "பரவாயில்லடி, முன்னைக்கு இப்ப எனக்கு மூச்சு விட இடம் இருக்கு" என்றாள். இருவரும் சிரித்ததில் விரிப்பே கையிலிருந்து நழுவி, மறுபடி முதலிலிருந்து உதற வேண்டியதாயிற்று. சூப்பர்வைசர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். ஜோடி மாற்றச் சொல்லி எழுதி வைத்திருந்த காகிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

மதியத்துக்குள் ஆளாளுக்கு வந்து கேட்டுவிட்டார்கள். முதலில் எப்படித் தெரிந்தது, வலித்ததா, விரலுக்கு எப்படித் தட்டுப்பட்டது. வலியே இல்லை, குளிக்கும்போது பட்டாணி அளவுக்குக் கையில் பட்டது, எதற்கும் காட்டிவிடலாம் என்று போனேன் என்று நெட்டை ஒளிக்காமல் சொன்னாள். அன்றைக்குக் குளியலறை வாசலில் வரிசை நின்றது. உள்ளே போன ஒருத்தியும் சீக்கிரம் வெளியே வரவில்லை.

வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக விதைக்கடைக்கு நடந்தாள். போட்டிருந்த பையையும் முளைத்த பையையும் தூக்குப் பையில் வைத்துக்கொண்டாள். கேட் அம்மாள் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி தெளிச்சு வை" என்று சொல்லி அனுப்பினாள். தெருவில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. எதிரே வந்தவர்களில் ஒருவன் பார்த்தான், இன்னொருத்தி பார்த்தாள், மீதிப் பேருக்கு அவரவர் அவசரம்.

கடையில் கூட்டம் இருந்தது. புருஷன் தராசுக்கு முன்னால் நின்று கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அவளைப் பார்த்தார். ஜாக்கெட்டைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. சட்டென்று ஒரு காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, அவளுக்கு முன்னால் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா ஆச்சு? எங்க அது? விழுந்துடுச்சா?"

"முளைச்சிடுச்சுங்க."

"ஐயோ." அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "நனைஞ்சுதா? வறுத்துப் போட்டிருக்கணும். வறுத்துப் போட்டிருந்தா முளைச்சிருக்காது. எனக்கு ஏன் தோணல? இத்தனை வருஷம் விதைக்கடையில இருந்துட்டு..."

"சாக்கைக் கீழ போடுங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எல்லார்கிட்டயும்னா?"

"எல்லார்கிட்டயும்தான்."

மூட்டையின் மேல் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கடை முதலாளி எழுந்து வந்தார். "என்னப்பா, வீட்டம்மாவா? கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சுன்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்காங்க?"

புருஷன் வழக்கம்போல், "ஆமாங்க, இப்போ..." என்று ஆரம்பித்தார். நெட்டை அவரைப் பார்த்தாள். அவர் நிறுத்தினார். சாக்கு கையிலிருந்து நழுவியது. மறுபடி ஆரம்பித்தார்.

"கர்ப்பப்பை இல்லீங்க. மாருல புத்துநோய். எடுத்தாச்சு. ஆறு தடவை மருந்து ஏத்துனாங்க. ஒவ்வொரு தடவையும் நான் வெளிய உக்காந்திருப்பேன். எல்லாரும் பொழச்சு வர்றதில்லைன்னு அங்க அழுதுக்கிட்டே எழுந்து போறவங்களைப் பார்த்தாலே தெரியும். இவ..." அவர் அவளைக் கையால் காட்டினார்.  அப்படியே பக்கத்திலிருந்த விதை மூட்டையின் மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கடையில் எல்லோரும் திகைத்து நின்றார்கள். முதலாளி தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆபரேஷன் யாருக்கம்மா ஆச்சு, உனக்கா இவனுக்கா?" என்றார்.

"எனக்குத்தாங்க. அவருக்குக் குடுங்க தண்ணியை" என்றாள் நெட்டை.

அவள் மூட்டைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று அவர் முதுகைத் தடவினாள். எட்டு மாதமும் பிறகு ஒரு மாதமும் இந்த மனுஷன் அவள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கனம் பார்த்தார், பை தைத்தார், காது சிவக்க நின்றார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் வாங்கின சத்தியத்தில், அழுவதற்கும் இவருக்கு ஒரு ஆள் இல்லாமல் போயிருக்கிறது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"யார்கிட்டம்மா சொல்லுவேன்?" என்றார் அவர் கைக்குள்ளிருந்து. "நீ போயிடுவியோன்னு தினம் பயந்தேன். யார்கிட்ட சொல்லுவேன்?"

"இனிமே யார்கிட்ட வேணா சொல்லுங்க."

"சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. தெருவுல போறவங்களைக் கூப்பிட்டுக்கூடச் சொல்லுங்க." அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "இப்ப அழுங்க. நல்லா அழுங்க. அதான் நான் இருக்கேன்ல."